பொட்டு வைக்காத மூலை

"எவனோ ஒருத்தன் என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டானுங் மேஸ்திரி!"

பட்டறை வாசலில் ஜீப்பின் எஞ்சினை அணைக்கும் முன்பே கத்திக்கொண்டு இறங்கினார் சென்னியப்பன்.

"நல்லா ஓடிட்டிருந்த சல்லடை. வேணும்னே கெடுத்திருக்கான். அவன் யாருன்னு தெரியற வரைக்கும் பச்சைத்தண்ணி என் பல்லுல படாது."

மரகத மேஸ்திரி வளைந்த இரும்புப் பட்டை ஒன்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"யாருன்னா கேட்டீங்க?"

சென்னியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கரூர்ப் பக்கத்துக் கிரஷர்காரர்களில் சென்னியப்பனைப் போல் பேரம் பேச ஆள் கிடையாது. லாரியில் கிளீனராக ஏறியவர். கல் உடைத்து, ஜல்லித் தரகு பார்த்து, அடித்தவனிடமும் ஏய்த்தவனிடமும் பாடம் படித்து, கடைசியில் சொந்தமாகக் கல் உடைக்கும் மிஷின் போட்டவர். மெக்கானிக் என்று வந்தவனெல்லாம் 'அது போச்சு, இது போச்சு' என்று தலையைச் சொறிந்து காசு பிடுங்கியதில் வெறுத்துப் போய், 'என் மிஷினை நானே படிச்சுக்கறேன்' என்று கிளம்பினார். தன்னைவிட வயதில் சின்னவரான ஒரு பெண்ணிடம், மரகத மேஸ்திரியிடம், சீடனாகச் சேர்ந்தார். தலை நரைத்த பிறகு. ஊரே சிரித்தது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதிச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுபோனது.

சேரும்போது மேஸ்திரி போட்ட நிபந்தனை ஒன்றுதான். மிஷின் முன்னால் நின்று 'யார்' என்று கேட்கக் கூடாது. 'எங்கே' என்றுதான் கேட்க வேண்டும்.

அதற்கும் அன்றைக்கே பேரம் பேசிப் பார்த்தார்.

"ஆத்திரம் தாங்கலைன்னா எப்பவாச்சும் ஒருவாட்டி கேட்டுக்கலாமுங்களா?"

"கேளுங்ணா. அன்னையோட பாடம் முடிஞ்சது."

அந்த நினைப்பு இப்போது வந்தது. ஆனாலும் விடவில்லை.

"இது பட்டறை வாசலுங்களே மேஸ்திரி. மிஷின் முன்னாலதான கேக்கக் கூடாதுன்னீங்க?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"செரி. என்ன ஆச்சு?"

கொட்டித் தீர்த்தார் சென்னியப்பன். புது வலை போட்டால் ஒரே மூலையில் கிழிகிறது. பெரிய கல் சின்னக் கல்லோடு கலந்து இறங்குகிறது. பாலம் கட்டுகிறவர்கள் லோடு லோடாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேரிங் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது. போதாததற்குப் பக்கத் தகட்டில் விரிசல் வேறு.

"இத்தனையும் தானா வருமுங்களா? ஆப்பரேட்டர் மாதேசன் வேலை. போன வாரம் எல்லாரு முன்னாலயும் நாலு வார்த்தை கேட்டுப்போட்டேன். அந்தக் கறுவல். ஆளை எடைமேடை ரூம்ல உக்கார வெச்சிருக்கேன். பையைப் பிடுங்கி ஜீப்புல போட்டுட்டேன். வாசல்ல வாட்ச்மேன். நீங்க வந்து மிஷினைப் பாத்து, கை வெச்சிருக்கான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள போலீஸ்ல விட்டர்றேன்."

மேஸ்திரி ஜீப்பை எட்டிப் பார்த்தார். பின் சீட்டில் ஒரு துணிப்பை. பாதி திறந்த வாய் வழியே மடித்த சட்டையும் ஒரு சீப்பும் தெரிந்தன.

"அவரு இன்னைக்கு என்ன சாப்பிட்டாருங்ணா?"

"யாரு? மாதேசனா? அதை நான் என்னத்தைக் கண்டேன்?"

"பச்சைத்தண்ணி படாதுன்னது உங்க பல்லுக்குத்தான?"

தன் தூக்குப்போசியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மேஸ்திரி ஜீப்பில் ஏறினார்.

கிரஷரில் இறங்கியதும் மிஷின் பக்கம் போகவில்லை. நேராக எடைமேடை அறைக்குப் போய், மாதேசன் எதிரில் போசியையும் பாட்டிலையும் வைத்தார். அவன் எழுந்து நின்றான். தர்மபுரிப் பக்கத்து ஆள், ஒல்லி, அழுத கண்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்கக்கா."

"சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சல்லடை அந்தக் கிரஷரின் நடுவில் இருந்தது. உயர்ந்த மேடை மீது சாய்வாக ஓர் இரும்புப் பெட்டி, ஒரு சின்ன வீட்டளவுக்கு. உள்ளே மாடி மாடியாகக் கம்பிவலை. நாலு மூலையையும் ஸ்பிரிங்குகள் தாங்கி நிற்கும். மோட்டார் ஓடினால் பெட்டி முழுதும் குலுங்கும். உடைந்து வரும் கல் அதன் மேல் விழுந்து, அளவுக்குத் தக்கபடி பிரிந்து இறங்கும். குலுக்கல் ஒழுங்காக இருந்தால் ஜல்லி ஒழுங்காக இருக்கும். அவ்வளவுதான் அந்த வித்தை.

"கல்லு போடாம வெறும் பெட்டியா ஓட்டுங்க" என்றார் மேஸ்திரி.

ஓடியது. சென்னியப்பன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"பட்டுபட்டுனு அடிக்குது, கேக்குதுங்களா?"

"எங்கே?"

"மேல் வலையில."

"நிறுத்திப்போட்டு ஏறிப் பாருங்க."

ஏறினார். ஓரத்தில் வலையை இழுத்துப் பிடிக்கும் பட்டையின் போல்ட்டுகள் விரலுக்கே சுழன்றன.

"லூசுங்க! அத்தனையும் லூசு! கழட்டி விட்டிருக்கான் பாருங்க!"

"இந்த வலையை மாட்டினது எப்போ?"

"முந்தாநேத்து."

"புது வலை கொஞ்ச நேரம் ஓடினா நீண்டு கொடுக்கும். நிறுத்தி மறுபடி முறுக்கோணும். முறுக்கினீங்களா?"

சென்னியப்பன் போல்ட்டை விட்டுக் கையை எடுத்தார். முந்தாநாள் மாதேசன் ஸ்பானரோடு அலுவலக வாசலில் வந்து நின்றது ஞாபகத்துக்கு வந்தது. 'கொஞ்சம் நிறுத்திக்கிறேங்க, வலையை முறுக்கோணும்.' லாரிகள் வரிசை கட்டி நின்ற நேரம். 'நிறுத்தினீன்னா உன் கையை முறுக்கிப்போடுவேன்' என்று அனுப்பியிருந்தார்.

மேஸ்திரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பேரிங் பக்கம் போய்விட்டார்.

"இங்க பாருங்க, இதுல தப்பிக்க முடியாது" என்று பின்னாலேயே ஓடினார் சென்னியப்பன். "கிரீஸ் வைக்காமயே சாகடிச்சிருக்கான். தோசைக்கல்லாட்டம் கொதிக்குது."

"மூடியைத் திறங்க."

திறந்தார். உள்ளே இருந்து கிரீஸ் பிதுங்கி வழிந்து அவர் மணிக்கட்டுவரை அப்பியது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வெச்சிருக்கான்" என்றார் சென்னியப்பன்.

"ஆமாங்."

"அமுக்கி அமுக்கி வெச்சிருக்கான். அசைய எடமில்லாட்டி சூடாகாம என்ன பண்ணும்? மடப்பய, இத்தனை எதுக்கு வெச்சான்?"

"போன வாரம் நாலு வார்த்தை கேட்டேன்னீங்களே. என்ன கேட்டீங்க?"

சென்னியப்பன் கையைத் துடைக்கத் துணி தேடினார். கிடைக்கவில்லை.

"கிரீஸ் வைக்காம என்னத்தைப் புடுங்கறேன்னு கேட்டேன்."

மேஸ்திரி தன் இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிக் கொடுத்தார்.

இன்னொருவராக இருந்தால் அங்கேயே சுருண்டிருப்பார். சென்னியப்பன் அந்த ரகம் இல்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இதெல்லாம் சில்லறைங்க. செரி, போகட்டும். வலை ஒரே மூலையில கிழியுதே? இரும்புத் தகடு விரிஞ்சிருக்குதே? அது எவன் வேலை... எங்கே? எங்கேன்னுதான் கேட்டேன், நீங்க அப்படிப் பாக்காதீங்க. கண்டுபிடிக்காம நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்."

"நகர வேண்டாமுங்ணா. அதோ கெடக்குதே அந்தக் கிழிஞ்ச வலை, வழியில கெடக்குது. அக்கட்டால தூக்கி வெச்சிரலாம்."

வலை கனமானது. அதன் மேல் கல் வேறு குவிந்து கிடந்தது. ஜல்லி வாரிக்கொண்டிருந்த பூவாயியும் இன்னும் இரண்டு பெண்களும் கூடையை வைத்துவிட்டு வந்தார்கள். விடிந்ததிலிருந்து குனிந்து நிமிர்ந்த உடம்புகள். நாலாவது மூலைக்கு ஆள் இல்லை.

"தள்ளுங்க, நான் புடிக்கறேன்" என்று சென்னியப்பன் பாய்ந்தார். மூச்சைப் பிடித்து ஒரே தூக்கு. அவர் மூலை தோளுக்கு மேல் போனது. மற்ற மூன்றும் இடுப்பளவில் நின்றன. வலை சாய்ந்தது. மேலே கிடந்த கல்லெல்லாம் சரிந்து எதிர் மூலைக்கு ஓடி, பூவாயியின் காலடியில் கொட்டியது.

"ஒழுங்காத் தூக்குங்க! நான் ஒருத்தன் மட்டும் தூக்கினாப் போதுமா?"

"ஏனுங் மொதலாளி" என்றாள் பூவாயி, காலை உதறிக்கொண்டே. "நீங்க ஆகாசத்துக்குத் தூக்கினா நாங்க ஏணி போட்டா வர்றதுங்?"

மற்ற இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சென்னியப்பனுக்குக் காது சிவந்தது. வலையை அப்படியே போட்டுவிட்டு மிஷின் பக்கம் திரும்பிவிட்டார்.

மேஸ்திரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெட்டியின் முன்பக்கத்தைக் காட்டினார்.

"அது என்னங்ணா?"

"ஆயுத பூசைக்கு நான் வெச்ச சந்தனப் பொட்டுங்க."

முன்பக்கத்து இரண்டு மூலைகளிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொட்டுகள். தூசி படிந்தும் உதிராமல் காய்ந்து ஒட்டியிருந்தன.

"மறுபடி ஓட்டுங்க. ஓடும்போது பொட்டைப் பாருங்க."

மோட்டார் ஓடியது. பெட்டி குலுங்கியது. சென்னியப்பன் பொட்டையே பார்த்தார். முதலில் மங்கலாகக் கலைந்தது. குலுக்கல் நிலைப்பட்டதும், பொட்டு இருந்த இடத்தில் ஒரு வளையம் நின்றது. நெல்லிக்காய் அளவு, காற்றில் வரைந்த மாதிரி. ஓடிப்போய் அந்தப் பக்கத்துப் பொட்டையும் பார்த்தார். அங்கேயும் அதே வளையம்.

இத்தனை வருசம் பூசை போட்டும் இதை அவர் கண்டதில்லை. சின்னப் பையனைப் போல் கத்தினார்.

"வளையமுங்க மேஸ்திரி! ரெண்டுமே உருண்டையா நிக்குது!"

"அந்த எடத்துல பெட்டி நல்லாக் குலுங்குதுன்னு அர்த்தம்."

"பாத்தீங்களா! குலுக்கல்ல குத்தமே இல்லை. நான் சொன்னனில்லைங்க..."

"மிச்ச ரெண்டு?"

"எந்த ரெண்டு?"

"மூலை நாலுங்களே."

"பொறத்தால யாருங்க பாக்கறாங்க?" என்றார் சென்னியப்பன். "சூடம் காட்டறது முன்னால. சாமி கும்புடறவங்க நிக்கறது முன்னால. பொறத்தால பொட்டு வெச்சு யாருக்குக் காட்டறது?"

மேஸ்திரி மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

"சந்தனம் மிச்சமிருக்குதுங்களா?"

"ஆபீஸ்ல இருக்குதுங்க."

"எடுத்துட்டுப் போயி வெச்சுட்டு வாங்க."

"நானுங்களா? ஆரையாச்சும் அனுப்பி..."

"மிஷினைப் படிக்க வந்தது ஆருங்ணா?"

மோட்டார் ஓடாதபடி ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டி, சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுப் போனார் சென்னியப்பன். சல்லடைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. முழங்கால்வரை கல்தூசி குவிந்து கிடந்தது. சொந்தமாகக் கட்டிய இடம். அந்தச் சந்துக்குள் அவர் கால் பட்டதே இல்லை. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, மண்டி போட்டு, ஊர்ந்து போனார். இருமினார். வலது மூலையில் ஒரு பொட்டு. பிறகு இடது மூலை.

அங்கேதான் அது நின்றது. மஞ்சள் பெயின்ட்கூட இன்னும் போகாத புது ஸ்பிரிங். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மற்ற மூலைகளில் இருப்பவற்றைவிடத் தலை உயரமாக.

சந்தனக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கோயமுத்தூர்க் கடை கண்ணுக்குள் வந்தது. ஸ்பிரிங் ஒன்று ஒடிந்திருந்தது. 'மாத்தினா எல்லாத்தையும் சேத்து மாத்துங்க' என்றான் கடைக்காரன். 'ஒடிஞ்சது ஒண்ணு. ஒண்ணு குடு. மிச்சத்தை என் தலையில கட்டப் பாக்கறியா?' என்று மேசையில் ஓங்கித் தட்டி, ஒற்றை ஸ்பிரிங்கோடு ஜெயித்து வந்தார் இவர். அந்த வெற்றியை டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தார். மாட்டும்போது மாதேசனும் அதையேதான் சொன்னான். 'ஒண்ணை மட்டும் மாத்தக் கூடாதுங்க.' அவனுக்கு இவர் சொன்ன பதில்: 'கடைக்காரன் உனக்கு என்ன குடுத்தான்?'

பொட்டை வைத்தார். வெளியே வந்தபோது புருவம், மீசை எல்லாம் மாவில் புரட்டி எடுத்த மாதிரி இருந்தது. பூவாயி கூடச் சிரிக்கவில்லை.

"ஓட்டட்டுமுங்களா?" என்றார் மேஸ்திரி.

தலையை ஆட்டினார்.

சந்தின் வாயில் இருவரும் நின்று பார்த்தார்கள். வலது மூலையில் வளையம் கொஞ்சம் கோணியிருந்தது. இடது மூலையில் வளையமே இல்லை. கத்தியால் கீறிய மாதிரி, சாய்வாக ஒரு கோடு.

சென்னியப்பன் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்தார். மிஷின் முன்னால் முதல் தடவையாக, யார் மேலும் பழி போடாமல் கேட்டார்.

"குத்தம் எங்கேன்னு தெரிஞ்சுதுங்க. அங்க இருக்கறது புது ஸ்பிரிங். இருக்கறதுலயே அதுதான நல்லது?"

"ஆமாங். நல்ல ஸ்பிரிங்தான்."

"அப்போ மத்ததெல்லாம் கெட்டதுங்களா?"

"இத்தனை வருசமாச் சொமந்துட்டுத்தான இருக்குது?"

"பின்ன எதுக்குங்க இப்படி?"

மேஸ்திரி மோட்டாரை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார்.

"அந்த வலை இன்னும் வழியிலயே கெடக்குதுங்ணா."

பூவாயியும் மற்ற இருவரும் மறுபடி வந்தார்கள். சரிந்த கல்லை வாரி வலை மேலேயே போட்டார்கள். சென்னியப்பன் தன் மூலையைப் பிடித்தார். மூச்சைப் பிடித்தவர், நிறுத்தினார். எதிரே இருந்த மூன்று தோள்களையும் பார்த்தார். கூடை சுமந்து சுமந்து இறங்கிப்போன தோள்கள். முட்டியை மடக்கினார். அவர்கள் எழுந்த அளவுக்கு எழுந்தார். அவர்கள் நடந்த அளவுக்கு நடந்தார்.

வலை மட்டமாகப் போனது. ஒரு கல்கூட நகரவில்லை.

"இப்பச் செரிங்" என்றாள் பூவாயி.

இறக்கி வைத்த பிறகும் சென்னியப்பனின் கை வலையை விடவில்லை. மற்றவர்கள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. எடைமேடை அறையின் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து மாதேசன் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒத்தை மூலை ஒசந்து நின்னா வலையும் கிழியும், தகடும் விரியும். நாலு மூலைக்கும் ஸ்பிரிங்கைச் சேத்து மாத்திப்போடறேனுங்க மேஸ்திரி" என்றார் சென்னியப்பன். குரல் இறங்கியிருந்தது. "இப்பவே கோயமுத்தூருக்கு ஆள் அனுப்பறேன். வலையை முறுக்கிர்றேன். கிரீஸை வழிச்சு எடுத்தர்றேன். தகட்டு விரிசலுக்கு என்ன பண்ணோணும்னு நீங்க சொன்னபடி செய்யறேன்."

"நல்லதுங்ணா."

"இன்னொண்ணு." சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். ஜல்லி வாருகிறவர்கள், லாரி டிரைவர்கள், வாட்ச்மேன். காலையில் மாதேசனின் பையை இவர் பிடுங்கியபோது கூடி நின்ற அதே ஆட்கள். "மிஷின் பழசாச்சு, தானாக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்போடலாமுங்களா? அவனையும் போடான்னு விட்டர்றேன். யாருக்கும் நட்டமில்லை. என்னங்றீங்க?"

மேஸ்திரி ஸ்விட்ச் பெட்டிச் சாவியை அவர் கையில் வைத்தார்.

"காலையில 'எவனோ ஒருத்தன்'னீங்க. இப்போ 'தானா'ங்கறீங்க."

சென்னியப்பன் சாவியை இடுப்பு மடிப்பில் செருகினார்.

"நான் போட்ட நிபந்தனையை இன்னைக்கு ஒருவாட்டி நானே ஒடைக்கறேன். மிஷின் முன்னால நின்னே கேக்கறேன். யாருங்ணா?"

காற்றில் கல்தூசி மிதந்தது. சென்னியப்பன் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார். வாய் பாதி திறந்த அந்தத் துணிப்பையைப் பார்த்தார். சந்தனம் காய்ந்த விரல்களை மடக்கினார். இந்த ஒரு கேள்விக்குப் பேரம் பேச அவரிடம் எதுவும் இல்லை.

"பேரு எனக்குச் சொல்ல வேண்டாமுங்ணா" என்றார் மேஸ்திரி. "அந்த ஒருத்தனை இங்க வரச் சொல்லுங்க. ஜீப்புல கெடக்கற பையை அவன் கையாலயே எடுக்கட்டும். சந்து வழியா இல்லை, எல்லாரும் பாக்கறாப்பல முன்பக்கமா நடந்து போகட்டும். எடைமேடை ரூம்ல நிக்கற ஆளு கையில குடுத்து, சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கட்டும். அப்புறமா வந்து ஸ்பிரிங்கைக் கழட்டட்டும். இன்னும் எத்தனை நாளைக்கு அவன் கெடுத்ததுக்கு அடுத்தவன் வந்து நிக்கறது? இன்னைக்காச்சும் அவனை வந்து செரி பண்ணச் சொல்லுங்க."